130 கேட்டா 35 தான் வந்துச்சு: மங்கள்யானோட நாலாவது பர்ன், ஒரு ஈர்ப்பு ஆற்றல் கணக்கு

2013 நவம்பர் 11, ராத்திரி 2 மணி 6 நிமிஷம். செவ்வாய்க்கு போக கிளம்பி பூமிய சுத்திக்கிட்டிருந்த மங்கள்யானோட 440 நியூட்டன் திரவ எஞ்சின நாலாவது தடவையா பத்த வச்சாங்க (இப்படி எரிக்கறததான் பர்ன்னு சொல்லுவாங்க). செகண்டுக்கு 130 மீட்டர் வேகம் கூடணும், அப்படி கூடினா சுற்றுப்பாதையோட தூரத்து முனை 71,623 கிமீ-லேர்ந்து 1 லட்சம் கிமீ கிட்ட போகும், இதுதான் பிளான். கூடினது வெறும் 35 மீட்டர். தூரத்து முனை 78,276 கிமீ-ல நின்னுடுச்சு. மறுநாள் பேப்பர்ல, டிவில எல்லாம் "மங்கள்யானுக்கு சறுக்கல்"னு போட்டாங்க, கேட்டதுல கால்வாசிதான் வந்துச்சுன்னா யாருக்குமே அப்படித்தான் தோணும்.

இந்த ஆய்வுல நான் பாக்க போறது ஒரே ஒரு கேள்வி. வராம போன அந்த 95 மீட்டர்/செகண்டால உண்மையில என்ன நஷ்டம்? எரிபொருளா, ஆற்றலா, நேரமா? பிளஸ் ஒன் பாடத்துல இருக்கற ஈர்ப்பு நிலை ஆற்றல், விடுபடு வேகம் (ஈர்ப்ப விட்டு தப்பிக்க தேவையான வேகம்), கெப்ளர் விதி இந்த மூணும் தெரிஞ்சா போதும், பதில நீங்களே ஒரு கால்குலேட்டர வச்சு கண்டுபிடிச்சிடலாம். இஸ்ரோ அந்தந்த நாள்ல சொன்ன நம்பர்தான் நமக்கு டேட்டா.

முதல்ல அன்னைக்கு என்ன ஆச்சுன்னு பாத்துடலாம். அந்த எஞ்சினுக்கு எரிபொருள் போற வழிய திறந்து மூடற சோலினாய்டு வால்வுல ரெண்டு காயில் உண்டு, ஒண்ணு மெயின், ஒண்ணு மாற்று. ஒண்ணு போனா இன்னொண்ணு வேலை செய்யணும்கறதுக்காக வச்சது. நாலாவது பர்ன்ல இந்த மாற்று ஏற்பாடு எல்லாத்தையும் சோதிச்சு பாக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணி, அதுல ஒரு கட்டமா ரெண்டு காயிலுக்கும் ஒரே நேரத்துல கரண்ட் குடுத்தாங்க. அப்ப எஞ்சினுக்கு போற ஓட்டம் நின்னு போச்சு. உடனே, மெயின் எஞ்சின் கைவிட்டா சின்ன திரஸ்டருங்க கை குடுக்கணும்னு கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருந்த லாஜிக் வேலை செஞ்சு, 22 நியூட்டன் திரஸ்டருங்க மிச்சத்த தள்ள ஆரம்பிச்சுது. அதுங்க எட்டையும் சேத்தாலும் 176 நியூட்டன்தான், 440 செய்யற வேலைய அதுங்க எப்படி செய்யும். அதனாலதான் 35. ரெண்டு காயிலையும் சேத்து ஓட்டற முறை மட்டும் இனி ஆகாது, தனித்தனியா ஒண்ணுக்கப்பறம் ஒண்ணா ஓட்டலாம்னு இஸ்ரோ அன்னைக்கே சொல்லிடுச்சு. அதாவது இது சோதிக்கும்போது வெளிய வந்த குறை. பூமிக்கு பக்கத்துல இருக்கும்போதே வந்துச்சு பாருங்க, அத கடைசில திரும்ப பாப்போம்.

இதுக்கு முன்னாடி வண்டி எப்படி அங்க வந்துச்சு

நவம்பர் 5 மதியம் 2:38-க்கு ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து பிஎஸ்எல்வி-சி25 கிளம்புச்சு. அது 1,337 கிலோ வண்டிய 248 கிமீ x 23,550 கிமீ நீள்வட்டத்துல விட்டுது. செவ்வாய்க்கு நேரா அனுப்பற சக்தி பிஎஸ்எல்விக்கு கிடையாது, ஜிஎஸ்எல்வி 2010-ல ரெண்டு தடவை தோத்து போயிருந்துச்சு, அதனால இருக்கற ராக்கெட்ட வச்சு பூமிய சுத்தி சுத்தி பாதைய பெருசாக்கி கடைசில விடுபட்டு போறதுன்னு முடிவு. அந்த வண்டில பாதிக்கு மேல, 852 கிலோ, எரிபொருள்தான்.

நவம்பர் 7 ராத்திரி 1:17-க்கு முதல் பர்ன், தூரத்து முனை 28,825 கிமீ ஆச்சு. நவம்பர் 8 ராத்திரி 2:18-க்கு ரெண்டாவது, 40,186. நவம்பர் 9 ராத்திரி 2:10-க்கு மூணாவது, 71,600 சொச்சம். பக்கத்து முனை மட்டும் 250 கிமீ-லயே கிடந்துச்சு. இந்த பக்கத்து முனைய பெரிஜீன்னும் தூரத்து முனைய அபோஜீன்னும் சொல்லுவாங்க, நானும் இனிமே அப்படியே எழுதறேன்.

எல்லா பர்னும் ஏன் நடு ராத்திரில, அதுவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல? சென்டிமென்ட் ஒண்ணும் கிடையாது, கெப்ளரோட மூணாவது விதிதான், அதாவது பாதையோட நீளம்தான் ஒரு சுத்துக்கு ஆகற நேரத்த முடிவு பண்ணுது. 28,825 கிமீ பாதைல ஒரு சுத்துக்கு சுமார் 8.36 மணி நேரம், மூணு சுத்துனா 25 மணி 5 நிமிஷம். முதல் பர்னுக்கும் ரெண்டாவது பர்னுக்கும் நடுவுல எவ்வளவு? 25 மணி 1 நிமிஷம். அடுத்து 40,186 பாதைல ஒரு சுத்து 12 மணி நேரம், ரெண்டு சுத்து 24. மூணாவது பர்ன் 23 மணி 52 நிமிஷம் கழிச்சு. பெரிஜீக்கு வரும்போது மட்டுந்தான் பத்த வைக்கறாங்க, ஆகவே ரெண்டு பர்னுக்கு நடுவுல முழு முழு சுத்துதான் இருக்க முடியும். பேப்பர்ல வந்த ரெண்டு நேரத்த வச்சே பாதை எவ்வளவு பெருசுன்னு சொல்லிடலாம், இது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம்.

ஆற்றல் கணக்கு: கடன்ல ஆரம்பிக்கறோம்

நிலை ஆற்றல்னாலே mgh தான்னு நினைக்கற பழக்கம் நமக்கு பத்தாம் கிளாஸ்லேர்ந்து இருக்கு (எம்ஜிஎச்னு வாயில அப்படியே வரும்). அத இங்க போட்டு பாருங்க, 71,623 கிமீ உயரத்துக்கு ஒரு கிலோவ தூக்க 702 மெகாஜூல்னு வரும். உண்மையான கணக்கு 57.4 மெகாஜூல்தான். பன்னெண்டு மடங்கு தப்பு. ஏன்னா எம்ஜிஎச்-ல ஜி மாறாதுன்னு வச்சுக்கறோம், ஆனா ஈர்ப்புப் புலம் தூரத்தோட வர்க்கத்துக்கு எதிர் விகிதத்துல குறையுது. மங்கள்யான் பெரிஜீல இருக்கும்போது புலம் 9.07 மீட்டர்/செகண்ட் வர்க்கம், அதாவது தரையில இருக்கறதுல பெருசா ஒண்ணும் குறையல. விண்வெளிக்கு போனாலே ஈர்ப்பு இல்லைன்னு நினைக்கறவங்க இந்த நம்பர ஒரு நிமிஷம் பாக்கணும். 78,276 கிமீ அபோஜீல அதே புலம் 0.0556. மேல போக போக தூக்கறது சுலபமாயிட்டே வருது, அதனால மொத்த செலவு ஒரு எல்லைக்கு மேல போகவே போகாது.

அந்த எல்லை எவ்வளவு? பூமியோட ஜிஎம், அதாவது ஈர்ப்பு மாறிலி x பூமியோட நிறை, 3,98,600 (கிமீ, செகண்ட் கணக்குல). இத பூமியோட ஆரம் 6,378-ஆல வகுத்தா 62.5, இந்த அலகுல வர்ற விடை நேரா கிலோவுக்கு இத்தனை மெகாஜூல்னு அர்த்தம். தரையில சும்மா உக்காந்திருக்கற ஒவ்வொரு கிலோவும் 62.5 மெகாஜூல் கடன்ல இருக்கு, மைனஸ் 62.5. கடன் பூஜ்யமாச்சுன்னா பூமிய விட்டு தப்பிச்சாச்சு. மைனஸ் குறிய பாத்து பயப்படறவங்க இப்படி எடுத்துக்கிட்டா போதும்.

நீள்வட்டத்துல சுத்தற ஒரு துணைக்கோளுக்கு, ஒரு கிலோவுக்கான மொத்த ஆற்றல் (இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேந்து) = மைனஸ் ஜிஎம் ÷ நீள்வட்டத்தோட முழு நீளம். நீளம்னா ஒரு முனைலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும், அரை நெட்டச்சோட ரெண்டு மடங்கு. அகலம் கணக்குலயே வராது. எவ்வளவு ஒடுங்கி இருக்கு, உருண்டையா இருக்கு, எதுவும் கேள்வி இல்ல, நீளம் மட்டுந்தான்.

இத வச்சு பாத்தா, பிஎஸ்எல்வி விட்ட பாதைல கடன் 10.9 மெகாஜூல். அதாவது 62.5-ல 51.6-அ ராக்கெட்டே அடைச்சிடுச்சு. மூணு பர்ன் முடிஞ்சப்ப மிச்சம் 4.71. நாலாவது பர்ன்ல கால்வாசி கிடைச்சதுக்கு அப்பறம் 4.37.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு, சொல்லாம போக மனசு வரல. புவிநிலை துணைக்கோள், அதான் டிவி சிக்னல் அனுப்பறதுங்க, பூமி மையத்துலேர்ந்து 42,164 கிமீ ஆரத்துல வட்டமா சுத்துது. அதோட ஆற்றல் மைனஸ் 4.73. மூணாவது பர்னுக்கு அப்பறம் மங்கள்யானோடது மைனஸ் 4.71. கிட்டத்தட்ட ஒண்ணேதான்! ஒண்ணு எப்பவும் 3.07 கிமீ/செகண்ட்ல ஒரே உயரத்துல அசையாம போகுது, இன்னொண்ணு பூமிய உரசற மாதிரி 10.5 கிமீ/செகண்ட்ல பாஞ்சு வந்து, அப்பறம் 71,000 கிமீ தள்ளி போய் 0.9 கிமீ/செகண்ட்ல தவழ்ந்து திரும்புது. பாதைய வரைஞ்சு பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே தெரியாது. ஆனா நீளம் ஒண்ணு, ஆற்றல் ஒண்ணு, சுத்தற நேரமும் ஒண்ணு, 24 மணி. மூணாவது பர்னுக்கும் நாலாவது பர்னுக்கும் நடுவுல 48 மணிக்கு நாலு நிமிஷம் கம்மி, ரெண்டு சுத்து.

ஏன் பெரிஜீலயே எரிக்கறாங்க

இதுதான் இந்த கேஸோட நடு. வேகத்த கொஞ்சம் கூட்டினா இயக்க ஆற்றல் எவ்வளவு கூடும்? ஏற்கனவே இருக்கற வேகம் x கூட்டின வேகம், கிட்டத்தட்ட அவ்வளவுதான் (வேகத்தோட வர்க்கத்துல பாதிய விரிச்சு எழுதி பாத்தா வந்துடும்). ஆக எஞ்சின் தர்ற தள்ளு ஒண்ணேயா இருந்தாலும், வண்டி எவ்வளவு வேகமா போய்க்கிட்டிருக்கும்போது தள்ளுறோமோ அவ்வளவு கடன் அடையுது.

நவம்பர் 11 நம்பர போடலாம். பெரிஜீ பூமி மையத்துலேர்ந்து 6,630 கிமீ. 71,623 கிமீ அபோஜீ உள்ள பாதைல பெரிஜீ வேகம் 10.527 கிமீ/செகண்ட். 78,276 ஆனப்பறம் 10.560. வித்தியாசம் 33 மீட்டர்/செகண்ட், இஸ்ரோ சொன்னது 35. ஒரே நொடில தள்ளு முடிஞ்சிடற மாதிரி நம்ம கணக்கு, நிஜத்துல பர்ன் நிமிஷக்கணக்குல நீளும், அதனால ரெண்டு மீட்டர் இப்படி அப்படி இருக்கத்தான் செய்யும். அடைஞ்ச கடன் 0.34 மெகாஜூல்.

சரி, இதே 35 மீட்டர அபோஜீல குடுத்திருந்தா? கோண உந்தம் மாறாதுங்கறதால அபோஜீ வேகம் 0.895 கிமீ/செகண்ட்தான். அடையற கடன் 0.03 மெகாஜூல், பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதுல அபோஜீ ஒரு கிமீ கூட உயராது, எதிர் முனைல இருக்கற பெரிஜீ 252-லேர்ந்து சுமார் 830 கிமீக்கு ஏறும். எந்த முனைல தள்ளுறியோ அதுக்கு எதிர் முனைதான் நகரும். டிவி துணைக்கோள வட்டப்பாதைக்கு கொண்டு வரும்போது அபோஜீல எரிக்கறது இதனாலதான், அங்க தேவை வேற. மங்கள்யானுக்கு தேவை வட்டம் இல்ல, தப்பிச்சு போறது.

ஆற்றல் எங்கேர்ந்து வந்துச்சு, அதே எரிபொருள்தானேன்னு கேட்டா அது நல்ல கேள்வி. எரிபொருள் டேங்க்ல இருக்கும்போதே வண்டியோட சேந்து 10 கிமீ/செகண்ட்ல ஓடிக்கிட்டிருக்கு, அதுக்கும் இயக்க ஆற்றல் உண்டு. பெரிஜீல எரிச்சு பின்னாடி தள்ளும்போது வெளிய போற வாயு தன் வேகத்த இழந்துட்டு போகுது, அந்த இழப்பும் வண்டிக்கு சேருது. எரிபொருள ஈர்ப்புக் குழியோட அடியிலயே கொட்டிட்டு போறது லாபம், மேல வரைக்கும் சுமந்துட்டு போய் கொட்டறது நஷ்டம்.

அப்ப ஒரே மூச்சுல பெரிஜீல எல்லாத்தையும் எரிச்சிட்டு போயிருக்கலாமே, ஏன் ஆறு ஏழு தவணை? எஞ்சின் சின்னது சார். 440 நியூட்டன், 1,337 கிலோ, செகண்டுக்கு 0.33 மீட்டர்தான் வேகம் கூடும். முதல் பர்ன் 416 செகண்ட், பெருக்கி பாருங்க 137 வரும், பாதை மாறினதுலேர்ந்து கணக்கு போட்டாலும் 136 வருது. மொத்தமா தேவைப்பட்ட 1,500 மீட்டர்/செகண்டையும் ஒரே தடவைல குடுக்க ஒரு மணி நேரம் எரிக்கணும், அதுக்குள்ள வண்டி பெரிஜீய விட்டு ஆயிரக்கணக்கான கிமீ மேல ஏறி வேகம் பாதிக்கும் கீழ போயிருக்கும், எரிபொருள் எல்லாம் தப்பான இடத்துல செலவாகும். அதனாலதான் பெரிஜீக்கு வர்ற சில நிமிஷத்துல மட்டும் எரி, சுத்திட்டு வா, திரும்ப எரி.

இப்ப நஷ்டக் கணக்கு

நவம்பர் 12 காலைல 5 மணி 3 நிமிஷத்துக்கு, 303.8 செகண்ட், கூடுதல் பர்ன் ஒண்ணு குடுத்தாங்க. 124.9 மீட்டர்/செகண்ட் வந்துச்சு. அபோஜீ 78,276-லேர்ந்து 1,18,642 கிமீக்கு போச்சு. நம்ம சூத்திரத்துல பெரிஜீ வேகம் 10.560-லேர்ந்து 10.686, அதாவது 126. இஸ்ரோ நம்பருக்கும் நம்ம நம்பருக்கும் ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம்.

இப்ப முக்கியமான சோதனை. நாலாவது பர்ன் தடையில்லாம நடந்து, 71,623-லேர்ந்து நேரா 1,18,642-க்கு போயிருந்தா எவ்வளவு வேகம் தேவை? 10.686 கழிச்சல் 10.527, 159 மீட்டர்/செகண்ட். ரெண்டு தவணையா போனப்ப? 33 + 126 = 159. அச்சு அசலா அதே. வராம போன 95 எங்கயும் தொலைஞ்சு போகல, எரியாத எரிபொருளா டேங்க்லயே இருந்துச்சு. ஈர்ப்பு ஒரு ஆற்றல் மாற்றா விசை, கன்சர்வேட்டிவ் ஃபோர்ஸ்னு பாடத்துல ஒரு வரில சொல்லிட்டு போயிடுவாங்க, அதோட அர்த்தம் இதுதான். 27 மணி நேரம் மேல போய் சுத்திட்டு அதே பெரிஜீக்கு திரும்பி வரும்போது எந்த வேகத்துல கிளம்புச்சோ அதே வேகம் கைல இருக்கும். அந்த சுத்துக்கு ஈர்ப்பு வாடகை எதுவும் வாங்காது. சின்ன திரஸ்டருங்க பெரிய எஞ்சின் அளவுக்கு சிக்கனம் கிடையாது, அந்த வகைல ஒரு சில்லறை நஷ்டம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

போனது நேரம். எவ்வளவு நேரம்? 78,276 பாதையோட அரை நெட்டச்சு 45,642 கிமீ. கெப்ளர் விதில போட்டா 26 மணி 57 நிமிஷம். நாலாவது பர்ன் 11-ம் தேதி 2:06, கூடுதல் பர்ன் 12-ம் தேதி 5:03. நடுவுல 26 மணி 57 நிமிஷம். நான் முதல்ல இத போட்டு பாத்தப்ப கால்குலேட்டர்ல ஏதோ பழைய நம்பர் நிக்குதோன்னு தான் தோணுச்சு, அவ்வளவு சுத்தமா ஒத்து போகுது. சரியா ஒரே ஒரு சுத்துதான் தாமதம்.

அந்த ஒரு சுத்தும் முழு இலவசம்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு சுத்துலயும் பூமிய சுத்தி இருக்கற கதிர்வீச்சு பட்டைகள ரெண்டு தடவை கடக்கணும், எலக்ட்ரானிக்ஸுக்கு அது நல்லது இல்ல. அதோட காலண்டர் வேற. பூமிலேர்ந்து செவ்வாய்க்கு குறைஞ்ச ஆற்றல்ல போற வாய்ப்பு சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும், இந்த தடவை நவம்பர் கடைசி வாக்குல கிளம்பியாகணும். ராக்கெட்டே அக்டோபர் 28 கிளம்ப வேண்டியது, தென் பசிபிக்ல சிக்னல் புடிக்க போன கப்பல் மோசமான வானிலையால லேட்டாகி நவம்பர் 5-க்கு தள்ளிப்போச்சு. அப்படியும் கைல நாள் இருந்துச்சு. ஒரு சுத்த தூக்கி குடுக்கற அளவுக்கு பிளான்ல இடம் வச்சிருந்தாங்க.

மேல போக போக மலிவு

நவம்பர் 16-ல அடுத்த பர்ன், 243.5 செகண்ட், அபோஜீ 1,92,874 கிமீ. நிலாவுக்கு போற தூரத்துல பாதி. இதுக்கு தேவைப்பட்ட வேகம் நம்ம கணக்குல 102 மீட்டர்/செகண்ட்.

இத முன்னாடி நடந்ததோட வச்சு பாருங்க. முதல் பர்ன்ல 136 மீட்டர் குடுத்து கிடைச்ச உயரம் 5,275 கிமீ, ஒரு மீட்டருக்கு 39 கிமீ. நாலாவது பர்ன்ல ஒரு மீட்டருக்கு 200 கிமீ. கூடுதல் பர்ன்ல 320. நவம்பர் 16-ல 730. 1,92,874-ல நிக்கும்போது அடுத்த ஒரு மீட்டர்/செகண்டுக்கு 1,100 கிமீக்கு மேல. இன்னும் 178 மீட்டர் குடுத்தா அபோஜீன்னு ஒண்ணே இருக்காது, முடிவிலிக்கு போயிடும். கடன் கணக்குல பாத்தா இதுல மாயம் எதுவும் இல்ல, 4.37, அப்பறம் 3.03, அப்பறம் 1.94, ஒழுங்கா படிப்படியாத்தான் குறையுது. நீளம் கடனுக்கு எதிர் விகிதம்ங்கறதால கடன் பூஜ்யத்த நெருங்க நெருங்க நீளம் எகிறுது. அபோஜீ உயரத்த வச்சு ஒரு பர்ன் ஜெயிச்சுதா தோத்துதான்னு எடை போடறது இதனாலதான் ஏமாத்தும். நவம்பர் 11-ல 28,000 கிமீ ஏற வேண்டியது 6,650 தான் ஏறுச்சுன்னு சொன்னா பெரிய தோல்வி மாதிரி கேக்கும், 10.5 கிமீ/செகண்ட்ல போற வண்டிக்கு நூறு மீட்டர் குறைஞ்சுதுன்னு சொன்னா யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க, ரெண்டும் ஒரே விஷயம்தான்.

டிசம்பர் 1 ராத்திரி 12:49-க்கு கடைசி தள்ளு. 1,328.89 செகண்ட், 22 நிமிஷம், 647.96 மீட்டர்/செகண்ட். பெரிஜீல அப்ப வேகம் 10.79, அங்க விடுபடு வேகம் 10.97. அதாவது 648-ல முதல் 178 மீட்டர் கடன அடைக்கத்தான். மிச்சம் 470 மீட்டர் குடுத்ததுக்கு, பூமிய விட்டு வெகு தூரம் போனப்பறம் கைல எவ்வளவு வேகம் மிஞ்சும்? 470-னு சொன்னா தப்பு. 11.435-அ வர்க்கம் பண்ணி, 10.965-அ வர்க்கம் பண்ணி கழிச்சு மூலம் எடுங்க, 3.2 கிமீ/செகண்ட் வரும். 22 நிமிஷம் நீண்ட பர்ன்ங்கறதால நிஜத்துல கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், ஆனா 3 கிமீ/செகண்ட் பக்கத்துல. குழியோட அடில குடுத்த 470, வெளிய போனா 3,000-க்கு மேல. கழிக்கறது வேகத்த இல்ல, வர்க்கத்த, ஏன்னா பாதுகாக்கப்படறது ஆற்றல். பரீட்சைல இந்த இடத்துல நேரா வேகத்த கழிச்சிட்டு வர்ற பசங்க நிறைய பேர்.

அதே கோளாறு வேற இடத்துல வந்திருந்தா

பாதில நின்ன பர்ன் நவம்பர் 11-ல சும்மா போச்சுன்னா காரணம் ஒண்ணுதான், மொத்த ஆற்றல் மைனஸ்ல இருந்துச்சு. மைனஸ்னா மூடின பாதை, மூடின பாதைனா வண்டி அதே பெரிஜீக்கு தானா திரும்பி வரும், திரும்பி வந்தா இன்னொரு சான்ஸ். ஆற்றல் பிளஸ் ஆயிட்டா பாதை திறந்துடும், அப்பறம் பெரிஜீ ஒரே ஒரு தடவைதான்.

இதுக்கு ஜப்பானோட அகாட்சுகி நல்ல உதாரணம். 2010 டிசம்பர் 7-ல வெள்ளி கிரகத்துகிட்ட போய், சுற்றுப்பாதைல சேர 12 நிமிஷம் எரிக்கணும். ரெண்டரை நிமிஷம் தாண்டினதும் எஞ்சின் நின்னுடுச்சு, வால்வு பிரச்சனைதான். வெள்ளி புடிச்சு வைக்கற அளவுக்கு வேகம் குறையல, வண்டி நேரா வெளிய போய் சூரியன சுத்த ஆரம்பிச்சுது. திரும்ப வெள்ளிகிட்ட வந்து, சின்ன திரஸ்டர்கள மட்டும் வச்சு ஒரு வழியா சேந்தது 2015 டிசம்பர் 7. அந்த ஜப்பான் டீமோட பொறுமைக்கு ஒரு சல்யூட் வைக்கணும். வால்வு பிரச்சனை ரெண்டு பேருக்கும்தான், ஒருத்தருக்கு தாமதம் 27 மணி நேரம், இன்னொருத்தருக்கு அஞ்சு வருஷம். வித்தியாசம் மொத்த ஆற்றலோட குறில இருக்கு.

அதனால மாற்று ஏற்பாட்ட நாலாவது பர்ன்ல சோதிச்சாங்கறத நான் சறுக்கல்னு எழுத மாட்டேன். ரெண்டு காயிலையும் சேத்து போட்டா ஓட்டம் நிக்கும்ங்கறது செவ்வாய்கிட்ட போய் தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாருங்க. 2014 செப்டம்பர் 24 காலைல மங்கள்யான் செவ்வாய் கிட்ட வந்தப்ப 1,388.67 செகண்ட் எரிச்சு வேகத்த 1,099 மீட்டர்/செகண்ட் குறைச்சாங்க. (ரெண்டு நாள் முன்னாடி, 300 நாள் தூங்கின எஞ்சின் முழிக்குமான்னு பாக்க 4 செகண்ட் எரிச்சு பாத்தாங்க.) சேந்த பாதை 421.7 கிமீ x 76,993.6 கிமீ. இதுல பக்கத்து முனைல வேகம் 4.63 கிமீ/செகண்ட், அங்க செவ்வாயோட விடுபடு வேகம் 4.74. ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் 110 மீட்டர்/செகண்ட். அப்ப அந்த 1,099-ல முதல் 990 சொச்சம் முழுக்க ஆற்றல பிளஸ்லேர்ந்து பூஜ்யத்துக்கு கொண்டு வர மட்டுமே செலவாகுது, அதுவரைக்கும் வண்டி செவ்வாய்க்கு சொந்தம் கிடையாது. கடைசி பத்துல ஒரு பங்கு தள்ளுலதான் அது துணைக்கோள் ஆகுது. எஞ்சின் தொண்ணூறு சதவீதத்துல நின்னிருந்தா கூட, நவம்பர் 11 மாதிரி சுத்திட்டு வந்து மிச்சத்த குடுக்கறேன்னு சொல்ல முடியாது.

செவ்வாய் பாதைய நீங்களே ஒரு தடவை போட்டு பாருங்க. ஜிஎம் 42,828, ஆரம் 3,396 கிமீ. ரெண்டு முனை உயரத்தோடயும் ஆரத்த கூட்டி, சராசரி எடுத்தா அரை நெட்டச்சு, அதோட கனத்த ஜிஎம்-ஆல வகுத்து மூலம் எடுத்து 2 பை-ஆல பெருக்குங்க. இஸ்ரோ சொன்ன சுற்றுக்காலம் 72 மணி 51 நிமிஷம் 51 செகண்ட். உங்க விடை அதுலேர்ந்து ஒரு நிமிஷத்துக்கு மேல தள்ளி இருந்தா, ஆரத்த கூட்ட மறந்துட்டீங்களான்னு முதல்ல பாருங்க.